டேப்பட் கவர் பொருத்துதல்: ஆயில் கசிவைத் தடுக்கும் முறை

எஞ்சினின் உச்சியில், சிலிண்டர் ஹெட்டின் மேல் உட்காரும் மூடிதான் டேப்பட் கவர். கையேடுகளில் இது வால்வு கவர் என்றும் ராக்கர் கவர் என்றும் குறிக்கப்படும். வால்வு ஸ்பிரிங்குகளும் ராக்கர்களும் இதனடியில் இயங்குகின்றன; காம்ஷாஃப்ட் மேலே அமைந்த எஞ்சின்களில் அதுவும் இங்கேதான் சுழல்கிறது. இவற்றை நனைக்க மேலே வரும் ஆயில், தெறித்துக் கவரின் உட்புறத்தில் பட்டு, ஹெட்டிலுள்ள வடிதுளைகள் வழியாகச் சம்ப்புக்குத் திரும்புகிறது. ஆயில் செல்லும் துவாரங்களுக்குள் பல கிலோ அழுத்தம் இருந்தாலும், பேரிங்குகளைத் தாண்டிக் கவருக்குள் விழும்போது அது முற்றிலும் தணிந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் கவருக்கு உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே காற்றழுத்தம்தான். ஆகவே கவருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள பேக்கிங்குக்கு அழுத்தத்தைத் தாங்கும் வேலை இல்லை. ஓரங்களில் தேங்கி, சூட்டில் நீர்போல இளகி, சிறு இடுக்கு கிடைத்தாலும் புகுந்துவிடும் ஆயிலைத் தடுப்பதே அதன் வேலை.

கவரின் ஓரத்தில் ஈரம் தெரிந்தவுடன் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவது பட்டறைகளில் வேரூன்றிய பழக்கம். கசிவை வளர்ப்பதும் பெரும்பாலும் அந்தப் பழக்கமே. அளவுக்கு மீறி இறுக்கும்போது போல்ட்டுக்கு நேர் கீழே பேக்கிங் நசுங்கிப் பிதுங்குகிறது. இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியிலோ கவரின் விளிம்பு வளைந்து மேலே எழும்புகிறது. அங்கே பேக்கிங்கின் மீது பிடிப்பு குறைந்து ஆயில் வெளியேறுகிறது. மேலும் இறுக்கினால் வளைவு கூடும், கசிவும் கூடும். விளிம்பு முழுவதும் பேக்கிங் ஒரே அளவில், மிதமாக அமுங்கியிருந்தால் போதும், கசிவு நிற்கும். கவரைத் தேர்ந்தெடுப்பது முதல் கடைசி போல்ட் வரை எல்லா வேலையும் அந்தச் சீரான அமுக்கத்துக்காகவே.

எஞ்சினின் மூச்சு

புதுக் கவரை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். பழைய எஞ்சின்களில் அது பிரீதர் குழாய் வழியாக வெளிக்காற்றில் கலந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் பரவிய பிசிவி வால்வு, அந்த வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இழுத்து மீண்டும் எரிக்கச் செய்தது. இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த ஏற்பாடு உள்ளது.

பிசிவி வால்வு கசடு பிடித்து அடைத்துக்கொண்டாலும், பிரீதர் குழாய் மடங்கிவிட்டாலும், ரிங்குகள் தேய்ந்துவிட்டாலும் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறும். வடிதுளைகள் வழியாக அதே அழுத்தம் மேலே வந்து கவரையும் தள்ளும். அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பேக்கிங் போட்டாலும் சில வாரங்களில் ஈரம் தெரியத் தொடங்கும். அப்போது பழி பேக்கிங் மீது விழும். கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

பிசிவி உள்ள பெட்ரோல் எஞ்சினில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு தடித்த காகிதத்தை வைத்தால், காகிதம் மெதுவாக உள்ளே இழுபட வேண்டும். துடித்து மேலே எழும்பினால் முதலில் பிசிவி வால்வையும் அதன் குழாயையும் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். வால்வு விலை குறைந்த பொருள், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அதன் பிறகும் புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங்குகளின் தேய்மானத்தைத்தான் கவனிக்க வேண்டும். மாறாக, மூடியைத் தூக்கவே முடியாதபடி உள்ளிழுப்பு பலமாக இருந்தால் பிசிவி அமைப்பிலுள்ள டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. பல புதிய எஞ்சின்களில் இந்த டயாஃப்ரம் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே அமைந்திருப்பதால், அங்கே கவரை மாற்றுவதே தீர்வாகிவிடுகிறது.

புதுக் கவரைச் சோதித்தல்

புதிதாக வந்த கவர் என்பதாலேயே அதன் விளிம்பு சமமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பொருத்துவதற்கு முன், தடித்த கண்ணாடித் தகட்டின் மீதோ, சர்ஃபேஸ் பிளேட்டின் மீதோ கவரை வெறுமையாக வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் மாறி மாறி அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால் முறுக்கம் இருக்கிறது. ஆடாவிட்டாலும், விளிம்பைச் சுற்றி ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தால் எங்கே தூக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஏற்கத்தக்க அளவைத் தயாரிப்பாளரின் கையேடு சொன்னால் அதுவே முடிவு. கையேடு இல்லாதபோது பேக்கிங்கின் தடிமனே வழிகாட்டும்: தடித்த கார்க் பேக்கிங் ஓரளவு மேடுபள்ளத்தை விழுங்கிக்கொள்ளும், பள்ளத்தில் உட்காரும் மெல்லிய ரப்பர் பேக்கிங் அவ்வளவு பொறுக்காது.

தகட்டை அச்சில் அழுத்திச் செய்த இரும்புக் கவர்களில் வழக்கமான குறை ஒன்று உண்டு. போல்ட் துளையைச் சுற்றியுள்ள தகடு பேக்கிங் பக்கமாகக் குழிந்து தள்ளியிருக்கும். முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம் அது. பழைய கவரை மறுபடி பயன்படுத்தும்போது தவறாமல் பார்க்க வேண்டியது. கவரைத் திருப்பி, விளிம்பை வழவழப்பான இரும்புப் பட்டையின் மீது வைத்து, பேக்கிங் உட்காரும் பக்கத்திலிருந்து சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக் குழியைச் சமப்படுத்தலாம். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, வேறோர் இடத்தில் அலை எழும்பும்.

போல்ட் எங்கே அமைந்திருக்கிறது என்பது கசிவை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு செவர்லேயின் ஸ்மால்-பிளாக் வி8 எஞ்சின் நல்ல சான்று. 1955இல் வந்த அந்த எஞ்சினில் ஒவ்வொரு தகட்டுக் கவரும் ஓரத்திலுள்ள நான்கே போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டது. நீளமான கவருக்கு நான்கு போல்ட். இடையில் நீண்ட விளிம்பு தாங்கலின்றி நின்றது. பல ஆண்டுகள் கசிவுக்குப் பெயர்போன இடமாகவே அது இருந்தது. 1987 மாடல்களிலிருந்து போல்ட்டுகள் கவரின் நடுக்கோட்டுக்கு மாறின. நடுவிலிருந்து விழும் அழுத்தம் விளிம்பு முழுவதற்கும் பகிர்ந்து சேர்ந்ததால் சீலிங் வெகுவாக மேம்பட்டது. இந்தப் பழைய ஓரப்போல்ட் ஹெட்டுகளுக்குத் தீர்வாகக் கடைகளில் கிடைப்பவை, போல்ட் தலைக்கும் விளிம்புக்கும் இடையே வைக்கும் நீண்ட இரும்புப் பட்டைகள். வாஷரின் வட்டத்தில் மட்டும் விழும் அழுத்தத்தை இவை சில அங்குலத்துக்குப் பரப்பிவிடும். மெல்லிய தகட்டுக் கவர் எதுவானாலும் இப்படி ஒரு பட்டை பயனுள்ளதே.

அம்பாசடர் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தகட்டுக் கவரை நடுவில் இரண்டு நட்டுகள் மட்டும் பிடிக்கின்றன. ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் கிண்ண வாஷரும் ரப்பர் புஷ்ஷும் உண்டு. கவரைச் சுற்றியுள்ள கார்க் பேக்கிங்கை மாற்றிவிட்டு இந்த இரண்டு ரப்பர் புஷ்களை மாற்றாமல் விடுவது வழக்கமான தவறு. கெட்டித்துப்போன புஷ் வழியாக ஸ்டட்டைச் சுற்றி ஆயில் மேலேறி, கவரின் முதுகில் வழிந்து, விளிம்பிலிருந்து வந்ததுபோலத் தோன்றும். அதே எஞ்சினில், பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுகளுக்குக் கீழே, டேப்பட்டுகளைப் பார்க்க இரண்டு பக்க மூடிகள் உள்ளன. அவற்றின் கார்க் பேக்கிங்கும் கசியும். மேலே கசிகிறதா பக்கத்திலா என்பதை முதலில் பிரித்தறியாமல் மேல் கவரைக் கழற்றுவது வீண்வேலை.

வார்ப்பு அலுமினியக் கவர்கள் வளைவது குறைவு. ஆகவே கசிவைத் தடுப்பதில் தகட்டுக் கவரைவிட மேல். ஆனால் அவற்றுக்குத் தனிக் கணக்குகள் உண்டு. விளிம்பு தடித்திருப்பதால் பழைய போல்ட் நீளம் போதாது. ஒன்றிரண்டு மரை மட்டும் பிடித்த போல்ட், அலுமினிய ஹெட்டில் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். போல்ட்டின் தடிமனைவிட ஒன்றரை மடங்காவது அலுமினிய மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதே நேரம், அடிமூடிய துளையில் போல்ட் நீளமாகப் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். கையில் இறுக்கம் தெரியும், பேக்கிங்கில் அமுக்கம் இருக்காது. பேக்கிங் இல்லாமல் போல்ட்டைக் கையால் துளைக்குள் முழுவதும் திருகி, வெளியே நிற்கும் நீளத்தை அளந்து, அதைக் கவர் விளிம்பும் பேக்கிங்கும் வாஷரும் சேர்ந்த தடிமனோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, சூட்டில் விரிவது. ஒரு மீட்டர் நீள அலுமினியம் 1 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும்; வார்ப்பிரும்பு ஏறக்குறைய அதில் பாதி. அரை மீட்டர் நீள அலுமினியக் கவர், வார்ப்பிரும்பு ஹெட்டின் மீது 80 டிகிரி சூடேறினால், இரண்டின் நீட்சிக்கும் இடையே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பேக்கிங்கின் மேல்முகம் கீழ்முகத்தின் மீது இவ்வளவு நகரப் பார்க்கிறது. இரு முகங்களையும் பசையால் ஒட்டிவிட்டால் பேக்கிங் உள்ளேயே கிழியும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டு என்ற விதிக்கு இது வலுவான காரணம்.

பிளாஸ்டிக் கவர்களில் விரிசல்களைத் தேட வேண்டும். போல்ட் துளைகளைச் சுற்றியும், பிசிவி குழாய் சேரும் மூலையிலும் மயிரிழை விரிசல் விடுவது வழக்கம். துளைகளில் உள்ள உலோகக் குழல்கள் தளர்ந்திருக்கக் கூடாது. விலை மலிந்த நகல் கவர்களில், வார்ப்பு அச்சின் பிசிறு பேக்கிங் பள்ளத்துக்குள்ளேயே நின்றிருக்கும். கூர்மையான கத்தியால் அதை வழித்தெடுத்த பிறகே பேக்கிங் வைக்க வேண்டும்.

அழகுக்காக வாங்கும் குரோம் கவர்களும் பவுடர் கோட்டிங் பூசிய கவர்களும் தனிக் கவனம் கேட்பவை. குரோம் கவர்களின் தகடு பெரும்பாலும் மெல்லியது, முகம் வழுவழுப்பானது, அதன்மேல் ஈரப்பேக்கிங் வழுக்கி வெளியே நகர்ந்துவிடும். விளிம்பின் முகத்தை மட்டும் நடுத்தர எமரி தாளால், விளிம்பின் நீளவாட்டிலேயே தேய்த்துச் சற்றுச் சொரசொரப்பாக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயிலுக்கு ஒரு வாய்க்காலாகிவிடும். பெயின்ட்டோ பவுடரோ பேக்கிங் முகத்தில் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் முழுவதும் நீக்க வேண்டும்.

புதுக் கவரை ஹெட்டின் மேல் பேக்கிங்கோடு வைத்துப் பார்க்கும் ஒத்திகை அவசியம். ராக்கர்கள் உட்புறத்தில் இடிக்கக் கூடாது. ரோலர் ராக்கர் போன்ற உயரமான பாகங்கள் மாட்டியிருந்தால், ராக்கர்களின் உச்சியில் சிறு களிமண் உருண்டைகளை வைத்துக் கவரை இறக்கி, எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுற்றி, கழற்றிப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பது தெரியும். பார்த்தபின் களிமண்ணைத் துணுக்கு விடாமல் எடுத்துவிட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டின் ஓரத்திலோ ஆக்ஸிலரேட்டர் பிராக்கெட்டிலோ கவரின் விளிம்பு முட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். ஒரு மூலை முட்டி நின்றால், எந்தப் பேக்கிங்காலும் அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற முடியாது.

பிசிவி வால்வு செருகும் துளைக்கு உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்பதையும் மறக்கக் கூடாது. கம்பெனிக் கவர்களில் இந்தத் தகடு எப்போதும் உண்டு. வெளிக்கடைக் கவர்கள் சிலவற்றில் இருப்பதில்லை. தகடு இல்லாவிட்டால் ராக்கரிலிருந்து தெறிக்கும் ஆயில் நேரே பிசிவிக்குள் இழுபட்டு எரியும். வெளியே ஒரு சொட்டும் விழாமல் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும்; சைலன்சரில் நீலப்புகை தெரியும். பிசிவி வால்வைப் பிடித்திருக்கும் ரப்பர் கிராமெட்டும் புதிதாக இருக்க வேண்டும்.

பேக்கிங்

கார்க் மிகப் பழைய பொருள், விலை குறைவு, மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுக்கும். காலப்போக்கில் சூட்டில் காய்ந்து சுருங்கி உதிர்வதே அதன் குறை. கடையில் வெகுநாள் கிடந்த கார்க் பேக்கிங் காய்ந்து நீளம் குறைந்திருக்கும், துளைகள் ஒத்துவராது. இழுத்துப் பொருத்தினால் பிய்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவைத்து, ஈரம் துடைத்து எடுத்தால் பழைய அளவுக்கு வரும். கார்க்கும் ரப்பரும் கலந்த பேக்கிங் இதைவிட நீடிக்கும்.

அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங்குகளில் நைட்ரைல் ரப்பர் வழக்கமானது. அதிகச் சூட்டில் அது நாளடைவில் பிளாஸ்டிக்போல விறைத்துவிடும். சிலிக்கான், அக்ரிலிக், விட்டான் ஆகியவை சூட்டை அதிகம் தாங்கும். விரிசல் விடாத பழைய ரப்பர் பேக்கிங் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், அதன் குறுக்குவெட்டு தட்டையாகிப் போயிருந்தால் அது மீண்டும் அமுங்காது. கவரைக் கழற்றினால் பேக்கிங் புதிது என்பதே பாதுகாப்பான நடைமுறை.

ஒரே மாடல் எஞ்சினிலும் ஆண்டுக்கு ஆண்டு ஹெட்டின் அமைப்பு மாறியிருக்கலாம். எனவே எஞ்சின் எண்ணைச் சொல்லிப் பேக்கிங் வாங்குவது நல்லது. இரட்டைக் காம்ஷாஃப்ட் எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்குகள் கவரின் நடுவே குழல்களுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் குழல்களைச் சுற்றிய சீல்கள், போல்ட் வாஷர்களோடு ஒட்டிய ரப்பர் வளையங்கள் ஆகியவற்றையும் செட்டாகவே வாங்க வேண்டும். குழல் சீல் கசிந்தால் ஆயில் பிளக் குழிக்குள் தேங்கும். எஞ்சின் மிஸ்ஸிங் எடுக்கும். நாளடைவில் இக்னிஷன் காயிலும் கெடும். பல இருசக்கர வாகனங்களில் பெரிய கவருக்குப் பதில் வட்ட மூடிகளும் அவற்றுக்கு ஓ-ரிங்குகளும் இருக்கும். அங்கே வேலை சுலபம்: புது ஓ-ரிங், அதன்மேல் சிறிது ஆயில், முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் உட்கார வைத்தல்.

கழற்றுதலும் துடைத்தலும்

எஞ்சின் ஆறிய பிறகே கவரைத் தொட வேண்டும். கழற்றும் முன் கவரைச் சுற்றியுள்ள மண்ணையும் கசடையும் பிரஷ்ஷால் நீக்கிவிட்டால் அவை வால்வுகளுக்குள் விழாது. போல்ட்டுகள் எல்லாம் கழன்றும் கவர் வராவிட்டால், ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் ஹெட்டின் முகத்தில் விழும் ஒரு கோடு, புதுக் கசிவுக்கு நிரந்தர வழியாகிவிடும்.

வடிதுளைகளையும் டைமிங் செயின் இறங்கும் வாயையும் சுத்தமான துணியால் அடைத்துவிட்டே சுரண்டத் தொடங்க வேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்ற கணக்கு மனத்தில் இருக்கட்டும். பஞ்சு உதிரும் வேஸ்ட்டை இங்கே பயன்படுத்தக் கூடாது. அந்த நூலிழைகள் ஆயில் பம்பின் வலைக்குத்தான் போய்ச் சேரும். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இரும்பு ஸ்கிரேப்பர் தாங்கும். அலுமினிய ஹெட்டுக்குப் பிளாஸ்டிக் அல்லது கட்டைச் சுரண்டிதான். கிரைண்டரில் மாட்டும் சொரசொரப்பு வட்டுகளைக் கொண்டு தேய்ப்பது வேகமான வேலைபோலத் தெரியும். ஆனால் அது அலுமினியத்தில் பள்ளம் பறிக்கும். வட்டிலிருந்து உதிரும் மணல்போன்ற துகள் ஆயிலோடு போய்ப் பேரிங்குகளைத் தின்றுவிடும். கவர் பேக்கிங் மாற்றப்போய் எஞ்சினையே இறக்க வேண்டிய நிலை அதனால் வரும்.

சுரண்டிய பிறகு இரண்டு முகங்களையும் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பெட்ரோல் கொண்டு துடைத்தால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பிரேக் கிளீனரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ நல்லது. காற்றோட்டமான இடத்தில், அருகே நெருப்பில்லாமல் பயன்படுத்த வேண்டும். விரலைத் தேய்த்தால் முகம் வழுக்காமல் பிடிக்க வேண்டும்.

போல்ட் துளைகள் பலர் கவனிக்காமல் விடும் இடம். அடிமூடிய துளையில் ஆயில் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அந்த ஆயிலுக்குப் போக வழியிருக்காது. இறுக்கம் வந்ததுபோலக் காட்டும். சில வேளை துளையின் சுவரே வெடிக்கும். காற்றடித்து, துணியால் வாயை மூடிக்கொண்டு ஆயிலை வெளியேற்ற வேண்டும். மரை நைந்திருந்தால் இன்செர்ட் போட்டுச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. உட்புறம் திறந்த துளைகளில் ஆயில் மரை வழியாகவே மேலேறும். அந்தப் போல்ட்டின் மரையில் மட்டும் சிறிது சீலன்ட் தடவ வேண்டும்.

பசையின் இடம்

பட்டறைகளில் அனபாண்ட் என்ற வணிகப் பெயராலேயே அழைக்கப்படும் சிலிக்கான் பசை, உரிய இடத்தில் உரிய அளவு போட்டால் பயனுள்ள பொருள். வார்த்த ரப்பர் பேக்கிங்கின் முழு நீளத்துக்கும் அதைப் பூசுவது தவறு. ஈரமான சிலிக்கான் வழுக்கும். இறுக்கும்போது ரப்பர் தன் பள்ளத்தை விட்டு நழுவிவிடும். உள்ளே பிதுங்கிய பசை இறுகி, உரிந்து, ஆயிலோடு இறங்கிச் சம்ப்பிலுள்ள வலையை அடைக்கும். ஆயில் பஞ்சத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ள அந்த ஒரு துண்டு போதும்.

ரப்பர் பேக்கிங்குக்குப் பசை தேவைப்படும் இடங்கள் மிகச் சில. டைமிங் கவரும் ஹெட்டும் சந்திக்கும் தையல், காம்ஷாஃப்ட்டின் முன் பேரிங் மூடி ஹெட்டில் உட்காரும் மூலை, ஹெட்டின் பின்முனையிலுள்ள அரைவட்ட ரப்பர் அடைப்பின் இரு மூலைகள். இங்கெல்லாம் பேக்கிங் தட்டையான முகத்திலிருந்து வளைவுக்கு ஏறி இறங்குவதால் நுண்ணிய முக்கோண இடுக்கு மிஞ்சும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சொட்டு போதும். பசையின் மேல் தோல் கட்டுவதற்கு முன்பே கவரை இறக்கிவிட வேண்டும். அதற்கான நிமிடக் கணக்கு டியூபில் அச்சிட்டிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் இந்தப் பசைக்கு முழு வலு வர ஒரு நாள் தேவை. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் அதற்குப் பாதுகாப்பானது என்று குறித்த வகையையே வாங்க வேண்டும்.

கார்க் பேக்கிங்குக்கு முறை வேறு. கவரின் பக்கத்தில் மட்டும் மெல்லிய படலமாகப் பேக்கிங் பசை தடவி, பேக்கிங்கை ஒட்டி, சமதளத்தில் கவிழ்த்து மேலே சிறு பாரம் வைத்துக் காயவிட வேண்டும். ஹெட்டின் பக்கம் உலர்வாகவோ லேசான கிரீஸ் பூச்சோடோ இருக்கட்டும். சூட்டில் நகர இடம் கிடைக்கும். அடுத்த முறை வால்வு இடைவெளி பார்க்கக் கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடே வரும்.

இறுக்குதல்

துணிகளை எண்ணி எடுத்த பிறகு கவரை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். ஓரமாக வைத்துத் தள்ளினால் பேக்கிங் பள்ளத்திலிருந்து விலகும். பிளக் குழல் சீல்களில் சிறிது ஆயில் தடவியிருந்தால் மடிந்து மாட்டாமல் இறங்கும். ஹெட்டின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடமாதலால், சிறு கண்ணாடியையோ விரலையோ கொண்டு பேக்கிங் வெளியே துருத்தவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் சில சுற்று மாட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்கலாம்.

இந்தப் போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்கு மிகக் குறைவு. 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர். ஸ்மால்-பிளாக் வி8இன் கால் அங்குல ஓரப்போல்ட்டுகளுக்கு 5 முதல் 7 வரை. பி-சீரிஸ் எஞ்சினின் கவர் நட்டுகளுக்கு 4 பவுண்டு-அடி, அதாவது சுமார் 5.5 நியூட்டன் மீட்டர். கையேட்டிலுள்ள அளவே முதன்மையானது. இவை எவ்வளவு சிறிய எண்கள் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் நீள ரிங் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ விசையில் இழுத்தால் போல்ட்டில் விழுவது ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர். திடமான ஒருவர் யோசிக்காமல் கொடுக்கும் விசை அது. தேவையைவிட மூன்று மடங்கு, சில இடங்களில் ஐந்து மடங்கு.

அரை அங்குல டார்க் ரெஞ்ச் இவ்வளவு சிறிய அளவில் நம்பத்தக்கதல்ல. கால் அங்குல டிரைவ் உள்ள சிறிய ரெஞ்ச் வேண்டும். அது கிடைக்காதபோது கால் அங்குல ராட்செட்டின் தலையை உள்ளங்கையில் பிடித்து, மணிக்கட்டின் விசையால் மட்டும் திருகுவது அளவு மீறாமல் காக்கும். காற்றுத் துப்பாக்கியையும் மின்சார இம்பாக்ட்டையும் இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

இறுக்கும் வரிசை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, எதிரெதிராக மாறி மாறிச் செல்ல வேண்டும். முதல் சுற்றில் பேக்கிங்கைத் தொடும் அளவுக்கு, இரண்டாவதில் பாதி அளவுக்கு, மூன்றாவதில் முழு அளவுக்கு. ஒரு முனையில் தொடங்கி வரிசையாக முழு இறுக்கம் கொடுத்துக்கொண்டே போனால், அலையாகத் தள்ளப்பட்ட பேக்கிங் மறுமுனையில் மடியும்.

பல புதிய எஞ்சின்களில் போல்ட்டின் நடுவே ஒரு தோள் இருக்கும். அல்லது கவரின் துளையில் உலோகக் குழல் இருக்கும். தோள் ஹெட்டில் முட்டியதும் போல்ட் நின்றுவிடும். பேக்கிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை அந்தத் தோளின் நீளமே தீர்மானிக்கிறது. இங்கே கசிந்தால் இறுக்குவதில் பயனில்லை. மேலும் திருகினால் போல்ட் ஒடியும் அல்லது மரை போகும். பேக்கிங்கையும் போல்ட் தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வளையங்களையும் மாற்றுவதே வழி.

ஓட்டிப் பார்த்தல்

பசை போட்டிருந்தால் அது காயும் நேரம் கொடுத்து, பிறகு எஞ்சினை இயக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடி முழுச் சூடு ஏறியபின், நல்ல வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் நிற்கும் பக்கத்துக்கு இருமடங்கு கவனம் தேவை. அங்கே சொட்டும் ஆயில் புகையும் நாற்றமும் தருவதோடு நிற்காது. சிவக்கச் சூடான மேனிஃபோல்டிலும் டர்போவிலும் அது தீப்பற்றவும் கூடும். முன்பு கசிந்த பழைய ஆயில் மேனிஃபோல்டில் படிந்திருந்தால் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. அடுத்த ஓட்டத்திலும் வந்தால் புதுக் கசிவைத் தேட வேண்டும்.

கார்க் பேக்கிங் சில முறை சூடாகி ஆறிய பிறகு சற்றுப் படிந்து, போல்ட்டுகள் தளர்ந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் குளிர்ந்த நிலையில், அதே வரிசையில் அதே அளவுக்கு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தோள் போல்ட் உள்ள ரப்பர் பேக்கிங்குக்கு இந்த மறு இறுக்கம் தேவையில்லை.

கசிவு தொடர்ந்தால் அதன் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. எஞ்சினைக் கழுவி உலர்த்தி, கவரைச் சுற்றி முகப்பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்தால் பவுடர் நனைந்த இடம் காட்டிக்கொடுக்கும். ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புறஊதா விளக்கும் இருந்தால் இன்னும் துல்லியம். நனைந்த இடங்களில் மிக உயரமானதே மூலம். அதற்குக் கீழேயுள்ளவை வழிந்தவை. ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கவரின் பின்மூலையில் கசியும் ஆயில் ஹெட்டின் முதுகில் இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். கிராங்க்ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல் போய்விட்டது என்று கருதிக் கியர்பாக்ஸை இறக்கும் வண்டிகளில் சில, உண்மையில் இந்த மூலையில் கசிந்தவையே. கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன், ஹெட்டின் பின்புறத்தை விரலால் தடவி, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.